வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல்: யாரிடமிருந்து பாதுகாப்பு?

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்ததும், அதன் தாய் நிறுவனமான ஃபேஸ்புக்குக்குத் தங்கள் தகவல்கள் போய்ச் சேரும் என்று அஞ்சிய கோடிக்கணக்கானோர் டெலிகிராமையும் சிக்னலையும் தரவிறக்கினார்கள். அப்போது நடந்த விவாதங்களில் இவ்விரண்டும் ஒரே தரத்து மாற்றுகளாகவே பேசப்பட்டன. இன்றும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையில் இவற்றின் கட்டமைப்பே வேறு வேறு. செய்தியின் உள்ளடக்கம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், வாட்ஸ்அப்பிலிருந்து டெலிகிராமுக்கு மாறியவர் தமக்கு ஏற்கெனவே இருந்த பாதுகாப்பை இழந்திருக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல், தனி உரையாடல், குழு, அழைப்பு ஆகிய அனைத்துக்கும் எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் இருக்கும் நிறுவனம்கூடப் படிக்க முடியாத முழு மறையாக்கம், தானாகவே இயங்குகிறது. அதற்குப் பயன்படும் தொழில்நுட்ப நெறிமுறை (புரோட்டகால்) சிக்னலுக்காக உருவாக்கப்பட்டதுதான். டெலிகிராமின் செய்திகளுக்கோ ‘சீக்ரெட் சாட்’ என்ற தனி வசதியை நாமே தேர்ந்தெடுத்துத் தொடங்கினால் மட்டுமே முழு மறையாக்கம் கிடைக்கும். அதுவும் இருவர் உரையாடலுக்கு மட்டும்தான், குழுக்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. வழக்கமான உரையாடல்கள் யாவும் நிறுவனத்தின் சர்வர்களில் சேமிக்கப்படுகின்றன, அவற்றைத் திறக்கும் சாவியும் நிறுவனத்திடமே இருக்கிறது. எந்தக் கருவியில் உள்நுழைந்தாலும் பழைய செய்திகள் எல்லாம் உடனே வந்துவிடும் என்ற, டெலிகிராம் ரசிகர்கள் மெச்சும் அந்த வசதிக்குக் காரணமும் இதுவே.

ஆனால் உள்ளடக்கம் மறைந்துவிட்டால் எல்லாம் மறைந்துவிட்டதாகாது. ஒட்டிய கடிதத்தைப் பிரிக்காமலே உறையின் மேல் இருக்கும் முகவரியையும் தேதி முத்திரையையும் பார்த்து எவ்வளவோ ஊகிக்க முடிவதைப்போல, யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசுகிறார் என்ற விவரமே ஒருவரின் வாழ்க்கையைப் பெருமளவு காட்டிக்கொடுத்துவிடும். வாட்ஸ்அப்பின் பலவீனம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 2014இல் அதை ஏறத்தாழ 1,900 கோடி டாலருக்கு வாங்கிய ஃபேஸ்புக், இரு தளங்களின் கணக்குகளையும் நம்பகமாக இணைக்க இயலாது என்று ஐரோப்பிய ஆணையத்திடம் அப்போது கூறியிருந்தது. 2016இல் அந்த இணைப்புக்கு வழிசெய்யும் கொள்கை மாற்றம் வந்தது. தவறான தகவல் அளித்ததற்காக 2017இல் ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. பயனர்களுக்கு விவரங்களைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2021இல் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 22.5 கோடி யூரோவும், 2021ஆம் ஆண்டின் கொள்கை மாற்றத்தைப் பயனர்கள்மீது திணித்தது சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்திய செயல் என்று 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் 213.14 கோடி ரூபாயும் விதித்தன. விளம்பர வருவாயில் வாழும் ஒரு நிறுவனத்துக்கு உறையின் மேலுள்ள எழுத்தே சரக்கு என்பதை இந்த வரிசை காட்டுகிறது.

சிக்னல் இதில் முற்றிலும் எதிர்த்திசையில் நிற்கிறது. வாட்ஸ்அப்பை நிறுவியவர்களுள் ஒருவரான பிரையன் ஆக்டன், ஃபேஸ்புக்கை விட்டு விலகிய பின் தந்த 5 கோடி டாலருடன் 2018இல் தொடங்கிய இலாப நோக்கற்ற அறக்கட்டளை அதை நடத்துகிறது; விளம்பரம் இல்லை, விற்பதற்குத் தகவலும் இல்லை. 2016இல் அமெரிக்காவின் விர்ஜீனியாவிலிருந்து நீதிமன்ற உத்தரவு ஒன்று வந்தபோது, கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் ஆகிய இரண்டைத் தவிரக் கொடுப்பதற்கு அவர்களிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. தகவலைத் தரமாட்டோம் என்று சொல்வதைவிடத் தகவலே இல்லை என்று சொல்லும் நிலை உறுதியானது என்பது என் கருத்து. தரமாட்டோம் என்பது மாறக்கூடிய வாக்கு: டெலிகிராமின் நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்ட்டில் பிரான்சில் கைது செய்யப்பட்டார், அடுத்த மாதமே, விதிகளை மீறுவோரின் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரியையும் தொலைபேசி எண்ணையும் முறையான சட்டக் கோரிக்கை வந்தால் அளிப்போம் என்று அந்நிறுவனம் தன் கொள்கையை விரிவுபடுத்தியது. குற்றங்களைத் தடுக்க அது தேவையான மாற்றமாகவே இருக்கலாம். பயனருக்குக் காவலாக இருந்தது தொழில்நுட்பம் அல்ல, நிறுவனத்தின் விருப்பம் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இவ்வளவு சொன்ன பிறகும் டெலிகிராமுக்கு ஒரு நியாயம் உண்டு, அதை அதன் விமர்சகர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. நிறுவனத்திடமிருந்தும் அரசிடமிருந்தும் மறைவது ஒன்று. முன்பின் தெரியாத சக உறுப்பினரிடமிருந்து மறைவது வேறொன்று. குடியிருப்புச் சங்கம், போட்டித் தேர்வுப் பயிற்சி, வேலைவாய்ப்புச் செய்தி என்று வாட்ஸ்அப்பில் வழக்கமான குழு எதில் சேர்ந்தாலும் நம் தொலைபேசி எண் பொதுவாக அங்குள்ள அனைவருக்கும் தெரிந்துவிடும். அதனால் வரும் தொல்லையைப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டெலிகிராமில் பயனர்பெயர் மட்டும் தெரிய, எண்ணை யாருக்கும் காட்டாதபடி வைத்துக்கொள்ளலாம். சிக்னல் இந்த வசதியை 2024இல்தான் கொண்டுவந்தது. கணக்கு தொடங்க இன்றும் அதற்குத் தொலைபேசி எண் வேண்டும்.

எண் வெளியே தெரிவது சிறிய சங்கதி அன்று. எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கணக்கு உண்டா என்று கேட்கும் எளிய வழியிலேயே, ஏறத்தாழ 350 கோடி வாட்ஸ்அப் கணக்குகளைக் கண்டறிய முடிந்ததாக வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்டார்கள். அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவற்றின் முகப்புப் படம் எல்லோருக்கும் திறந்திருந்தது. குறை சரிசெய்யப்பட்டுவிட்டது என்றாலும், முகப்புப் படம், ‘லாஸ்ட் சீன்’, அறிமுக வரி ஆகியவற்றைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவைக்க இதைவிடக் காரணம் வேண்டாம்.

சென்னையின் ஜோஹோ நிறுவனம் நடத்தும் ‘அரட்டை’ 2025இல் திடீர் வரவேற்பைப் பெற்றபோதும் இதே அளவுகோல்தான் பொருந்தியது. சர்வர் இந்தியாவில் இருப்பதும் விளம்பரம் இல்லாததும் நல்ல செய்திகளே. ஆனால் அந்த அலை எழுந்த வேளையில் அதன் அழைப்புகளுக்கு முழு மறையாக்கம் இருந்தது, வழக்கமான எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. சொந்த நாட்டுச் செயலி என்ற பெருமை மறையாக்கத்துக்கு ஈடாகாது.

சிக்னலின் பெருங்குறை தொழில்நுட்பத்தில் இல்லை. நம் உறவினர்கள் அங்கே இல்லை என்பதுதான். ஆகவே ஒன்றை விட்டு ஒன்றுக்கு மாறுவதைக் காட்டிலும், பேச்சைப் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். மருத்துவ அறிக்கை, சொத்துப் பத்திரம், அடையாள அட்டை நகல், வழக்கறிஞரோடும் செய்தியாளரோடும் பேசுவது ஆகியவை சிக்னலுக்கு. குடும்பமும் அலுவலகமும் வாட்ஸ்அப்புக்கு. முன்பின் தெரியாதோர் கூடும் பெருங்குழுக்கள், எண்ணை மறைத்த நிலையில், டெலிகிராமுக்கு. மூன்றிலுமே கணக்கைத் திருடுவோருக்கு எதிராகக் கூடுதலாக ஒரு ரகசிய எண் (PIN) அல்லது கடவுச்சொல் வைக்கும் வசதி இருக்கிறது. ஓடிபி மோசடி மலிந்த நம் சூழலில் அதை இன்றே இட்டுவிடுவது நல்லது.

வாட்ஸ்அப்பில் தொடர்வோர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்று பேக்கப். கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ சேரும் நகலுக்கு முழு மறையாக்கம் 2021 முதல் கிடைத்தாலும், அதை நாமே செட்டிங்ஸில் போய் இயக்க வேண்டும். கடவுச்சொல்லை மறந்தால் நகலை நிறுவனத்தாலும் மீட்டுத்தர இயலாது. அப்படியே நாம் இயக்கினாலும் எதிர்முனையில் இருப்பவர் இயக்காவிட்டால், நாம் அனுப்பிய அதே செய்தி அவருடைய நகலில் அந்தக் காவல் இன்றியே கிடக்கும். எனவே முக்கியமானவற்றைப் பகிர்வதற்கு முன் அவருடைய தொலைபேசியிலும் அந்த அமைப்பை இயக்கித் தருவது, அல்லது குறித்த காலத்துக்குப் பின் செய்திகள் தானே அழியும் ‘மறையும் செய்திகள்’ வசதியை அந்த உரையாடலுக்கு முதலிலேயே இட்டுவிடுவது, இவ்விரண்டில் ஒன்றையாவது செய்துகொள்ள வேண்டும்.