தண்ணீர் பரவாயில்லை, அனுமதிக் காகிதம்தான் உதைக்கிறது: கடலோர வில்லா வளாகத்தின் தனிக் குடிநீர் வசதி

தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கடல் பக்கமாக இருக்கிற ஒரு வில்லா வளாகத்தின் தண்ணீர் சப்ளையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வீட்டுக் கட்டுமானம், கிளப் ஹவுஸ், தெருவிளக்கு எதையும் இதில் சேர்க்கவில்லை. பெயரும் போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போவது இந்தக் கரையில் வரும் எந்த வளாகத்துக்கும் பொருந்தும். அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்து வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கே குடிவந்து இரண்டு கோடையைப் பார்த்துவிட்டார்கள், நான் மயிலாடுதுறையில் இருந்துகொண்டு வாராவாரம் போய் வருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் நிற்பதில்லை. கரண்ட் போனாலும் ஜெனரேட்டரில் மோட்டார் ஓடுகிறது, மாடியில் ஷவரைத் திறந்தால் நூல் மாதிரி ஒழுகாமல் நன்றாகவே வருகிறது. பராமரிப்புக் கட்டணத்தில் தண்ணீருக்கு என்று மாதம் 1,800 ரூபாய் போடுகிறார்கள், கேன் தண்ணீரும் லாரித் தண்ணீரும் வாங்கும் பக்கத்து வளாகத்துக்காரர்களோடு ஒப்பிட்டால் அது அநியாயம் இல்லை. பிளாண்ட்டைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர் தம்பி உள்ளூர்க்காரர், தொழில் தெரிந்தவர். சம்ப் கழுவுகிற நாளை முந்தின நாளே வாட்ஸப்பில் போட்டுவிடுவார்.

இங்கே இரண்டு லைன். சமையலறைக் குழாயில் ஆர்.ஓ. தண்ணீர், குளியலறை, தோட்டம், துணி துவைக்க எல்லாம் போர் தண்ணீரை மணல் வடிகட்டியில் விட்டு குளோரின் போட்டு அப்படியே. மனை விற்றபோது கொடுத்த நோட்டீஸில் 'வீடு முழுவதும் சுத்திகரிக்கப்பட்ட குடிநீர்' என்று அச்சடித்திருந்தார்கள், அது இல்லை. ஆனால் இரண்டு லைன் வைத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உவர் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டால் உள்ளே போவதில் பாதிக்குக் கிட்டத்தட்ட கழிவாக வெளியே போய்விடும், கழுவுவதற்கும் குளிப்பதற்கும் அதைச் செய்வது வீண். நோட்டீஸில் பொய் சொல்லாமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

தை மாதம் வரை எல்லாம் நன்றாக இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற காலம், மழையும் பெய்து ஓய்ந்திருக்கும். அப்போது தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால் சமையலறைக் குழாயில் 110, குளியலறையில் 900 காட்டும். மேட்டூரை ஜனவரி 28-ல் மூடுவார்கள், அதற்கப்புறம் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கும். சித்திரை பிறந்ததும் அம்மாதான் முதலில் கண்டுபிடிப்பார்: துவரம்பருப்பு குக்கரில் ஆறு விசில் விட்டும் முழுசாகக் கிடக்கும், காபி டிகாஷன் ஒரு மாதிரி கரிக்கும். கும்பகோணத்துக்காரர்களுக்குக் காபித் தண்ணீர் சரியில்லை என்றால் அன்றைக்கு எதுவுமே சரியில்லை. போன ஏப்ரலில் மீட்டரை வைத்தேன், சமையலறைக் குழாயில் 620, குளியலறையில் 1,800.

அந்த 620 எனக்கு உறுத்தியது. ஐ.எஸ். 10500 என்கிற குடிநீர்த் தரப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குளோரைடுக்கு அதே மாதிரி 250, 1,000. ஆக 620 விஷமில்லை. ஆனால் ஆர்.ஓ.வில் இருந்து வருகிற தண்ணீர் 620 காட்டக் கூடாதே? ஒன்று உப்பைப் பிரிக்கிற மெம்பிரேன் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பற்றாக்குறையைச் சமாளிக்க போர் தண்ணீரைக் கலந்துவிடுகிறார்கள். ஆபரேட்டர் தம்பியிடம் கேட்டேன், மறைக்காமல் சொல்லிவிட்டார்: "கலக்கத்தாண்ணே சொல்லியிருக்காங்க, ஆளுங்க ஜாஸ்தி, என்ன பண்றது."

ஆளுங்க ஏன் ஜாஸ்தி என்று தேடப் போனபோதுதான் நிலத்தடி நீர் எடுப்பதற்கான அனுமதிக் காகிதத்துக்கு வந்தேன். வளாகத்தைக் கட்டிய நிறுவனத்தின் அலுவலகத்தில் கேட்டால் 'அது சென்னை ஆபீஸில் இருக்கிறது' என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் வீட்டு உரிமையாளர் சங்கம் எழுத்தில் கேட்ட பிறகு நகல் கிடைத்தது. நாலு பக்கம். இங்கே வாங்கியிருக்கிறவர்களில் பத்துப் பேர்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், ஆனால் குழாயில் என்ன வரும், எவ்வளவு வரும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த நாலு பக்கம்தான்.

முதல் நிபந்தனை போர் எங்கே இருக்க வேண்டும் என்பது. எங்கள் வளாகம் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் அலை ஏறி வருகிற எல்லையிலிருந்து, சுமார் 350 மீட்டரில் ஆரம்பிக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில், 2011 அறிவிப்பானாலும் 2019 அறிவிப்பானாலும், கடலில் இருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதற்குத் தடை, அங்கேயே வாழ்கிற உள்ளூர் மக்கள் தங்கள் தேவைக்கு எடுப்பது மட்டும் விலக்கு. 200 முதல் 500 மீட்டர் வரை, வேறு ஆதாரம் இல்லாத பட்சத்தில், சாதாரணக் கிணற்றில் கையால் இறைத்துக் குடிக்கவும் விவசாயத்துக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் எடுக்கலாம். ரிசார்ட்டுகளுக்குத் தனியாக ஒரு பிரிவு இருக்கிறது, அவர்களும் 200-க்குள் தொடக் கூடாது, 500 வரை நிலத்தடி நீர் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். அதனால் எங்கள் போர் வளாகத்துக்குள் இல்லை, சாலைக்கு மேற்கே வயலுக்கு நடுவில் ஒரு துண்டு நிலம் வாங்கி அங்கே போட்டுக் குழாயில் கொண்டுவருகிறார்கள். இதில் நிறுவனத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, சரியாகச் செய்திருக்கிறார்கள்.

அடுத்தது அளவு. இங்கேதான் விஷயம். அனுமதி ஒரு நாளைக்கு 35,000 லிட்டர், 60 வீட்டுக்கு. கணக்கு போட்டுப் பார்த்தால் நியாயமாகவே இருக்கிறது: திட்டமிடுபவர்கள் எடுத்துக்கொள்கிற வழக்கமான அளவு ஆளுக்கு 135 லிட்டர், வீட்டுக்கு நாலு பேர், 540. அறுபது வீட்டுக்கு 32,400. ஆர்.ஓ. கழிவுக்குக் கொஞ்சம் இடம். சரி. ஆனால் இப்போது இரண்டாம் கட்டம் என்று இன்னும் 45 வீடு கட்டி அதே சம்ப்பில் இணைத்துவிட்டார்கள். 105 வீட்டுக்கு 56,700 லிட்டர் வேண்டும், அனுமதி அதே 35,000-தான், அதைத் திருத்தியதற்கான காகிதம் எதுவும் இல்லை. பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதால் வண்டி ஓடுகிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறவர்கள் கோடை லீவுக்கு மொத்தமாக வந்து இறங்கும்போது, அதுவும் தண்ணீர் கீழே போயிருக்கிற ஏப்ரல், மே மாதங்களில், கலப்பு நடக்கிறது. அம்மாவின் பருப்பு வேகாததற்கு இதுதான் காரணம், மெம்பிரேன் இல்லை.

மீட்டர் வைத்துத் தினமும் எடுத்த அளவைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை. மீட்டர் இருக்கிறது. பதிவேட்டையும் பார்த்தேன், பச்சை அட்டை போட்ட நீள நோட்டு. மாதம் முழுக்க 34,200, 34,600, 34,100 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில், அழகான கையெழுத்து. நான் பார்த்த அன்றைக்குத் தேதி இருபத்திரண்டு, நோட்டில் முப்பது வரை எழுதி முடித்திருந்தது. தம்பியைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது, மேலே இருக்கிறவர்கள் கேட்பது அந்த எண்ணைத்தான். மத்திய அரசின் 2020 வழிகாட்டுதலில் தொலைவிலிருந்தே அளவைப் படிக்கிற டிஜிட்டல் மீட்டர் வேண்டும் என்று இருக்கிறது, தமிழ்நாட்டுக்குத் தனி ஏற்பாடு இருந்தாலும் அந்த மாதிரி மீட்டர் ஒன்று வைத்துவிட்டால் இந்த நாவல் எழுதுகிற வேலை மிச்சம்.

ஆர்.ஓ. கழிவு நீர். இதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். கழிவை மண்ணிலோ வாய்க்காலிலோ விடக் கூடாது, சுத்திகரித்த கழிவுநீரோடு சேர்த்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை தெளிவாக இருக்கிறது. பிளாண்ட் அறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சுவரில் ஓட்டை போட்டு ஒரு பச்சை டியூப் வெளியே வருகிறது, தாழம்புதர் ஓரமாக ஓடி வடிகால் வாய்க்காலில் விழுகிறது. விழுகிற இடத்தில் மண் வெள்ளை பூத்திருக்கிறது, காலால் கீறினால் உப்புப் பொருக்கு உடைகிறது, பக்கத்தில் இருந்த தென்னங்கன்று குருத்து கருகி நிற்கிறது. அந்த வடிகால் ஐந்தாறு வயலைத் தாண்டித்தான் உப்பனாற்றுக்குப் போகிறது. 2004 சுனாமியில் கடல் நீர் ஏறிய வயல்களை மறுபடி விளைச்சலுக்குக் கொண்டுவர இந்தப் பக்கத்து விவசாயிகள் பட்ட பாடு தெரிந்தவர்கள் யாரும் இப்படி ஒரு டியூபைப் போட மாட்டார்கள். சங்கம் கடிதம் கொடுத்த பிறகு டியூபை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள், போன மாதம் பார்த்தபோது மழைக்காலத்துக்கு என்று திரும்பப் போட்டிருந்தார்கள்.

நிறுவனத்தை மட்டும் திட்டினால் போதாது. வளாகத்துக்குள் சிலர் தோட்டத்துக்கு என்று பின்பக்கம் சொந்தமாக முப்பது அடியில் ஃபில்டர் பாயிண்ட் என்கிற ஆழமில்லாத குழாய்க்கிணறு இறக்கி அரை எச்.பி. மோட்டார் மாட்டியிருக்கிறார்கள். 350 மீட்டரில் மோட்டார் வைத்து எடுப்பதற்கு விதியில் இடமே இல்லை, அது ஒரு பக்கம். மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது, கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்களின் பழைய கணக்கு. திருப்பிப் பாருங்கள், மேலே ஒரு அடி இறைத்துவிட்டால் கீழே உப்பு எவ்வளவு ஏறும்? புல்லுக்கு ஊற்றுவதற்காக இதைச் செய்கிறார்கள். வடக்குப் பக்கம் இருக்கிற மீனவர் குப்பத்தில் அடிபம்பில் இன்னும் குடிக்கிற தண்ணீர் வருகிறது, அவர்கள் குடத்தில் அடித்துக்கொண்டு போகிறார்கள், நாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோட்டாரைப் போட்டுவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடுகிறோம். உள்ளூர் மக்களுக்கு விதியில் விலக்கு கொடுத்திருப்பது சரிதான் என்று இங்கே வந்த பிறகுதான் முழுசாக உறைத்தது.

இந்தப் பக்கம் மனை வாங்கப் போகிறவர்கள் தண்ணீரைக் குடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதுவும் மார்கழியில் வந்து குடித்துப் பார்த்து. விற்கிறவர்கள் ஏன் பொங்கல் சமயத்தில் 'சைட் விசிட்' வைக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? நிலத்தடி நீருக்கான தடையில்லாச் சான்றின் நகலைக் கேளுங்கள், அது நீர்வளத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவு கொடுப்பது. அதில் எத்தனை வீட்டுக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு, எந்தச் சர்வே எண்ணில் போர், எந்தத் தேதி வரை செல்லும் என்ற நான்கையும் பாருங்கள், ஏனென்றால் இந்தச் சான்று ஆயுசுக்கும் கிடையாது, புதுப்பிக்க வேண்டும். உங்கள் ஃபிர்கா, அதாவது வருவாய் உள்வட்டம், நிலத்தடி நீர்க் கணக்கில் எந்த வகையில் இருக்கிறது என்றும் பாருங்கள், நாகப்பட்டினம் கரையில் உவர் நீர் என்றே பதிவான ஃபிர்காக்கள் இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தனிக் காகிதம், கழிவுநீர் நிலையத்துக்கு அது வேண்டும். எட்டு வீட்டுக்கு மேலோ 500 சதுர மீட்டருக்கு மேலோ போகிற திட்டம் என்றால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம், அந்த இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் பாதி காகிதம் வீட்டில் உட்கார்ந்தே கிடைத்துவிடும். 'எல்லா அப்ரூவலும் இருக்கு சார்' என்று சொல்கிற ஆளிடம் நகலைக் காட்டச் சொல்லுங்கள், அந்த இடத்தில் பேச்சு எப்படி மாறுகிறது என்று கவனித்தால் போதும்.

பக்கத்து ஊராட்சி வரை கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிறதே, அதில் ஒரு இணைப்பு வாங்கிவிடலாமே என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆற்றிலிருந்து அவ்வளவு தூரம் குழாயில் வருகிற தண்ணீர் ஊர்க்காரர்களுக்கே முறை வைத்துத்தான் கிடைக்கிறது, நீச்சல் குளம் வைத்திருக்கிற நாம் அதில் போய் வரிசையில் நிற்பது நன்றாக இல்லை. முதலில் குளத்தை மூடட்டும், மொட்டை மாடி மழைநீரை உறை கிணற்றில் இறக்கட்டும். மழைநீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்கள், ஜல்லிக்கு மேலே கட்டட மண் அடைத்து மூன்று வருடமாக ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

மதிப்பெண் என்று கேட்டால்: சப்ளைக்கும் ஆபரேட்டருக்கும் ஐந்துக்கு நாலு. தண்ணீரின் தரம், மழைக்காலத்தில் நாலு, கோடையில் இரண்டு. அனுமதி நிபந்தனைகளைக் காப்பாற்றுவதில் ஒன்று, அதுவும் போரைச் சரியான இடத்தில் போட்டதற்காக. முதல் கட்டத்தில் ஏற்கெனவே இருப்பவர்கள் கோடைக்கு முன்னால் சமையலறைக் குழாயை மாதம் ஒரு தடவை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள், டி.டி.எஸ். மீட்டர் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. சான்றைப் புதுப்பிக்கிற தேதி அடுத்த மார்ச்சில் வருகிறது, 105 வீடு என்று திருத்திக் கேட்காமல் பழைய 60-ஐயே போட்டு அனுப்பினால் சங்கம் ஆட்சேபணை கொடுப்பதாக முடிவாகியிருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டியவர்கள் கிளப் ஹவுஸில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். இரண்டாம் கட்டத்தில் வீடு பார்க்கிறவர்கள் அந்தக் காகிதம் வருகிற வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.