புதுக் கட்சியா, புது வாக்குமுறையா?

இரண்டு பெரிய கட்சிகள் மீதும் நம்பிக்கை போன பிறகு, நடுவில் முளைக்கும் ஒரு புதுக் கட்சிக்கு உழைப்பதா, தேர்தல் முறையையே மாற்றச் சொல்லும் இயக்கத்தில் சேர்வதா என்று ரொம்ப நாள் யோசித்தேன். கடைசியில் இயக்கத்தில்தான் சேர்ந்தேன்.

புதுக் கட்சியின் பலம் தெரிந்ததுதான், பழைய கறை கிடையாது, இளைஞர்கள் ஓடி வருவார்கள்.

ஆனால் தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயித்தார் என்கிற முறையில் புதுக் கட்சிகளைச் சாய்ப்பது, ஓட்டு பரவிக் கிடக்கும் விதம். எல்லா ஊரிலும் கொஞ்சம் ஆதரவு இருக்கும், முதலிடம் மட்டும் எங்குமே வராது. பிரிட்டனில் 1981-ல் தொழிற்கட்சியை விட்டு வந்த நான்கு தலைவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள், லிபரல் கட்சியோடு கூட்டணி வைத்து 1983-ல் 25 சதவீதத்துக்கு மேல் வாங்கினார்கள். கிடைத்தது 650-ல் 23 இடம்! சுமார் 2 சதவீதம் கூடுதலாக வாங்கிய தொழிற்கட்சிக்கோ 209. அமெரிக்காவில் 1992 அதிபர் தேர்தலில் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோவுக்குக் கிட்டத்தட்ட 19 சதவீதம் விழுந்தது, மாநிலவாரியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் ஒரு ஓட்டுகூட இல்லை. அப்புறம் வாக்காளர் ஏன் திரும்ப வருவார்? 1996-ல் பெரோவே சீர்திருத்தக் கட்சி வேட்பாளராக நின்றபோது 8 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

பிரான்ஸில் மாக்ரோன் 2016-ல் கட்சி தொடங்கி மறு ஆண்டே அதிபரானாரே என்பார்கள். சரி, ஆனால் அங்கே இரண்டு சுற்று, முதல் சுற்றில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மறுபடி மோதுவார்கள். முதல் சுற்றில் 24 சதவீதம் வாங்கியே அடுத்த சுற்றுக்குப் போக முடிந்தது.

நியூசிலாந்துதான் என் மனதை மாற்றியது. 1981-ல் சோஷியல் கிரெடிட் கட்சி 20 சதவீதத்துக்கு மேல் வாங்கி 2 இடத்தோடு நின்றது. 1993 பொதுவாக்கெடுப்பில் மக்கள் வாங்கிய ஓட்டின் அளவுக்கே இடம் தரும் விகிதாசார முறைக்கு மாறினார்கள், 1996-ல் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் என்ற கட்சி 13 சதவீதத்துக்கே 17 இடம் பிடித்தது.

இந்த வழியும் லேசானதில்லை, பழைய முறையில் ஜெயித்தவர்களிடமே போய் அதை மாற்றச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2011-ல் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விருப்ப வரிசை முறை வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பில் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம் என்றார்கள். நான் கையெழுத்து வாங்கப் போக ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது, இது எத்தனை வருடம் இழுக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சோஷியல் கிரெடிட் நின்று அந்த 20 சதவீத ஓட்டு வீணாகாமல் இருந்திருந்தால் நியூசிலாந்தில் முறையையே மாற்றும் அளவுக்குக் கோபம் கிளம்பியிருக்குமா என்ற கேள்வியும் உறுத்துகிறது. அதனால், வாக்குமுறை மாற்றத்தை முதல் வாக்குறுதியாக வைத்து, செல்வாக்குள்ள நாலைந்து தொகுதியில் மட்டும் நிற்கும் புதுக் கட்சி வந்தால் அதற்கும் வீடு வீடாகப் போவேன்.