கூட்டவா, கழிக்கவா, தண்ணீரில் முக்கவா?

பத்தாம் வகுப்பு அளவியலில் உருளை தனியாக வந்தால் யாரும் பயப்படுவதில்லை. அதன் தலையில் ஒரு அரைக்கோளம் ஏறி உட்கார்ந்தால்தான் பேனா நின்றுவிடுகிறது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் டியூஷன் எடுப்பவன் என்ற முறையில், இணைந்த உருவங்களின் கன அளவைக் காணும் வழிகளை ஒரே உருவத்தில் மோதவிட்டுப் பார்க்கிறேன். அந்த உருவம், மேலே அரைக்கோளம் வைத்த திண்ம உருளை. இரண்டுக்கும் ஆரம் 7 செ.மீ., உருளையின் உயரம் 20 செ.மீ., பை 22/7.

முதலில், பிரித்துக் கூட்டுவது. உருளை 3080 கன செ.மீ., அரைக்கோளம் சுமார் 718.67, ஆக மொத்தம் 3798.67. படிக்குப் படி மார்க் கிடைப்பதால் தேர்வில் இதைத்தான் எழுதவேண்டும். புறப்பரப்பு கேட்டால் ஒட்டிய முகத்தை விட்டுவிடவேண்டும், கன அளவில் அந்தத் தொல்லை கிடையாது. பலவீனம் என்னவென்றால், மூன்று நான்கு துண்டுகள் சேரும்போது பின்னங்கள் குவிந்து எங்காவது சறுக்கும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: எல்லாவற்றையும் உருளையாக நினைத்துக்கொள்வது. ஒரு கூம்பின் கன அளவு, அதே ஆரமும் மூன்றில் ஒரு பங்கு உயரமும் உள்ள உருளைக்குச் சமம். அரைக்கோளம், ஆரத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரமுள்ள உருளைக்குச் சமம். அப்படியானால் நம் உருவத்தின் உயரம் 20 கூட்டல் 14/3, அதாவது 24.67 செ.மீ. அடிப்பரப்பு 154. பெருக்கினால் அதே 3798.67. ஒரே ஒரு பெருக்கல்! மொட்டைமாடித் தொட்டிக்கு மேலே கூம்பு, கீழே அரைக்கோளம் என்று இருந்தாலும் உயரங்களை மனதிலேயே கூட்டிவிடலாம். ஆனால் ஆரம் எல்லாத் துண்டுக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால் சரிப்படாது.

மூன்றாவது, கழிப்பது. உருவம் முழுவதும் அடங்கும் 27 செ.மீ. உயர உருளை 4158. மேலே அரைக்கோளத்தைச் சுற்றிக் காலியாக நிற்கும் இடம் 359.33. கழித்தால் அதே விடை வரும். இந்த உருவத்துக்கு இது வீண் சுற்றுதான். ஆனாலும் அந்த 359.33-ஐக் கவனியுங்கள்: 7 செ.மீ. ஆரமும் 7 செ.மீ. உயரமும் கொண்ட கூம்பின் கன அளவு அச்சு அசலாக அதுதான். ஒரே ஆரமும், ஆரத்துக்குச் சமமான உயரமும் இருந்தால் கூம்பு, அரைக்கோளம், உருளை மூன்றும் 1:2:3. கோளத்துக்கும் அதைச் சூழ்ந்த உருளைக்கும் உள்ள 2:3 விகிதத்தை ஆர்க்கிமிடிஸ் நிறுவியது கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில். குடைந்த மரக்கட்டை, துளையிட்ட கல், கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை போன்றவற்றுக்குக் கழிப்பதுதான் நேர் வழி.

வாளி வந்தால் கதை வேறு. அது கூம்பின் இடைக்கண்டம், அதாவது நுனியை வெட்டி எடுத்த கூம்பு. தென்பெண்ணைப் பாலம் தாண்டிப் புதுச்சேரியில் சிபிஎஸ்இ படிக்கும் பிள்ளைகளுக்கு இப்போது இது பாடத்திலேயே இல்லை, நம் மாநிலப் பாடத்தில் உண்டு. மேல் ஆரம் 14, கீழ் ஆரம் 7, உயரம் 30 என்றால் சரியான விடை 10780 கன செ.மீ. சராசரி ஆரம் 10.5 உள்ள உருளை என்று குறுக்கு வழியில் போனால் 10395 வரும். கிட்டத்தட்ட 400 மில்லி குறைகிறது. குறுக்கு வழி எப்போதும் குறைத்துத்தான் காட்டும்.

கடைசியாக, முக்குவது. பண்ருட்டிப் பலாப்பழத்துக்கு எந்தச் சூத்திரமும் உதவாது. விளிம்புவரை நிரப்பிய டிரம்மில் போட்டு, மிதந்தால் மெல்லிய குச்சியால் முழுக்க அழுத்தி, வழிந்த தண்ணீரை அளந்தால் தீர்ந்தது. லிட்டர் குவளை தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கமெல்லாம் காட்டாது, தேவையும் இல்லை. ஆனால் வில்லியனூர் சுடுமண் பொம்மை தண்ணீரை உறிஞ்சும், அளவு தப்பும். திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையை முக்கினால் பொம்மையே போச்சு. அவற்றுக்குக் காய்ந்த மணல் போதும்: ஒரு பெட்டியை மணலால் தலைதட்டி நிரப்பி, கொட்டிவிட்டு, பொம்மையை உள்ளே வைத்து அதே மணலை மறுபடி தலைதட்டுங்கள். மிச்சப்படும் மணல்தான் பொம்மையின் கன அளவு.