குடிநீர் இணைப்புக்குக் ‘கமிட்டிப் பணம்’ கேட்கிறார்களா? என் 28,000 ரூபாய்க் கதை

எங்கள் மாநகராட்சியின் மண்டல அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் போனால் கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு மூன்று நான்கு பேர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஊழியர்கள் இல்லை. ஆனால் எந்த மேஜையில் யார் இருக்கிறார், இன்று லீவா, மண்டலக் கூட்டம் எந்தத் தேதி என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். அவர்களில் ஒருவரிடம் 2024 ஜனவரியில் 28,000 ரூபாய் கொடுத்தேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். கொங்குப் பக்கம் என்பது போதும்.

நாங்கள் நடத்துவது ஒரு சின்ன மெஸ். கீழே மெஸ், மேலே வீடு. இடம் வாங்கியபோது போர் தண்ணீர் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். அது சுத்த உப்பு. பருப்பு வேகாது, வேகும்வரை கேஸ் போகும், சோறு பழுப்பு ஏறும், டீயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நல்ல தண்ணீர் முழுக்க லாரிதான். கோடையில் லாரிக்காரர் சொல்வதுதான் விலை. ஆகவே மாநகராட்சிக் குழாய் இணைப்பு எங்களுக்கு ஆடம்பரம் இல்லை, லாபமா நஷ்டமா என்பதே அதில்தான் இருந்தது.

சொத்து வரி ரசீது, பத்திர நகல், ஆதார், உணவு உரிமம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகம் போனேன். கவுண்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வெச்சுட்டுப் போங்க, உங்க தெருவுல லைன் எதுவரைக்கும் இருக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றோம்” என்றார். வைத்துவிட்டு வந்தேன். ஒப்புகைச் சீட்டு கேட்கவில்லை, அவரும் தரவில்லை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஒரு சீட்டுதான்.

வெளியே வந்ததும் அந்த ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். “ஏனுங்க்கா, டேப்புக்கா வந்தீங்க?” என்று ஆரம்பித்தார். நான் எதுவும் கேட்கவே இல்லை. “இப்பெல்லாம் சும்மா எழுதிக் குடுத்தா ஆவறதில்லீங்க்கா. மண்டலக் கமிட்டில பொருளா வெச்சுப் பாஸ் பண்ணோணும். நாலு கவுன்சிலர் கையெழுத்து வேணும். நமக்கு ஆள் இருக்குது, பண்ணிக்கலாமுங்க.” மண்டலக் கமிட்டி என்பது மண்டலத்தின் கவுன்சிலர்கள் கூடும் குழு, ‘பொருள்’ என்பது அதன் நிகழ்ச்சி நிரலில் வரும் ஓர் இனம். டெபாசிட்டுக்கு 12,000, ரோடு கட்டிங்குக்கு 6,000, ‘கமிட்டிக்கு’ 10,000. கணக்கை இரண்டு முறை சொன்னார், இரண்டு முறையும் ஒரே கணக்கு. அதில்தான் நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். “கடைன்னு போடாதீங்க்கா, டெபாசிட் எச்சா வரும், மாசாமாசம் தண்ணி வரியும் எச்சு. வீடுன்னே போட்டுக்கலாம்.” நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை மறைத்துவிட்டு நான் மட்டும் ஏமாந்த அப்பாவி என்று எழுதினால் அது நியாயம் இல்லை. அதில் எனக்கு இரண்டு காசு மிச்சமாகும் என்று ஆசைப்பட்டேன்.

பணம் போன மறுநாள் மஞ்சள் தாளில் கையால் எழுதிய ஒரு ரசீது கொண்டுவந்தார். மேலே ஏதோ ஒரு முத்திரை. அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை மெஸ்ஸுக்கு வருவார், சாப்பிடுவார், “இந்த மாசம் பொருள்ல வந்துருச்சுங்க்கா” என்பார். பிப்ரவரியில் வந்தது, ‘தள்ளி வெச்சுட்டாங்க’. மார்ச்சில் வந்தது, ‘கோரம் இல்லை’, அதாவது போதிய உறுப்பினர்கள் வரவில்லையாம். ஏப்ரலில் பாஸே ஆகிவிட்டது. ஆதாரமாக வாட்ஸ்அப்பில் மங்கலாக ஒரு படம், கூட்ட நிகழ்ச்சி நிரலின் ஒரு பக்கம், ஓரத்தில் பேனாவால் வட்டமிட்ட பொருள் எண்.

அந்தப் படம் ஒரு மாதம் என் போனிலேயே கிடந்தது. அலுவலகத் தமிழைப் பார்த்தால் நம்மில் பலருக்குப் படிக்கவே தோன்றாது. ‘மேற்படி இனம் மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது’ என்று ஒரு வரியைப் பார்த்ததும் சரி, பெரிய விஷயம்தான் என்று மடக்கி வைத்துவிடுவோம். மே மாதம் ஒரு மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம், என் மகள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் படித்தாள். “அம்மா, இது வேற வார்டு. மழைநீர் வடிகால்ல வண்டல் அள்ளறதுக்கு.” வட்டம் போட்டிருந்த எண்ணுக்கும் எங்கள் தெருவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அவள் இன்னொன்றையும் கேட்டாள்: “ஏப்ரல்ல எப்படிம்மா கூட்டம் நடக்கும்?” அந்த வருடம் மார்ச் 16-ல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது, அன்றிலிருந்தே நடத்தை விதிகள் அமல். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4-ல்தான் எண்ணிக்கை. அந்த இடைவெளியில் எங்கள் மண்டலத்தில் கூட்டமே நடக்கவில்லை. நடக்காத கூட்டத்தில் என் குழாய் பாஸ் ஆகியிருக்கிறது!

அன்று சாயங்காலமே எங்கள் வார்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். நடுத்தர வயதுப் பெண். எரிந்து விழுவார் என்று நினைத்துப் போனேன், உட்கார வைத்துச் சொன்னார். “ஒரு வீட்டு டேப்புக்கு நான் கையெழுத்துப் போடற எடமே அந்த ஃபாரத்துல கெடையாதுங்க. அது ஆபீஸ் வேலை. ஏ.இ. (உதவிப் பொறியாளர்) எடம் பார்ப்பாரு, கட்ட வேண்டிய பணத்துக்கு டிமாண்ட் போடுவாங்க, கட்டுனீங்கன்னா ஃபிட்டர் வந்து குடுத்துருவாரு. கமிட்டிக்கு வர்றது மெயின் லைன்.”

இந்தக் கடைசி வார்த்தையில்தான் விஷயமே இருந்தது. தெருவில் குழாய் பதிப்பது, சாலை, விளக்கு, வடிகால் போன்ற பொது வேலைகளுக்கு மதிப்பீடு தயாரித்து மண்டலக் குழுவில் வைப்பார்கள். தொகை பெரிதானால் மாநகராட்சியின் முழு மன்றமான மாமன்றத்துக்குப் போகும். தீர்மானம் ஆனபின் டெண்டர். தனி ஆள் விண்ணப்பம், வீடோ கடையோ, இந்த வழியில் போவதே இல்லை. ஆனால் எங்கள் தெருவில் மெயின் லைன் முனை வீட்டோடு நின்றுவிட்டது. எங்கள் கட்டடத்துக்கு வர இன்னும் எழுபது மீட்டர் பதிக்க வேண்டும். அதற்குத்தான் கமிட்டி ஒப்புதல் உண்மையிலேயே தேவை. அதாவது அந்த ஆள் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை வைத்துத்தான் மீதியை விற்றார். கவுண்டரில் இருந்தவர் முதல் நாளே ‘லைன்’ என்று ஒரு வார்த்தை சொன்னார், நான் காதில் வாங்கவில்லை.

கவுன்சிலர் சொன்னதை மட்டும் நம்பி நிற்க எனக்கு மனசில்லை. ஒருமுறை சூடு பட்டாயிற்று. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்றே கேள்வி அனுப்பினேன். என் பெயரில் விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா? தனிநபர் குடிநீர் இணைப்புகள் மண்டலக் குழுவின் ஒப்புதலுக்கு வைக்கப்படுகின்றனவா? எங்கள் தெருவில் மெயின் லைன் நீட்டிப்புக்கு மதிப்பீடு தயாராகியிருக்கிறதா? சட்டப்படி 30 நாள். 27-ஆம் நாள் பதில் வந்தது. இல்லை, இல்லை, இல்லை. முதல் ‘இல்லை’தான் வலித்தது. ஐந்து மாதமாக நான் வரிசையிலேயே இல்லை. விண்ணப்பம் கவுண்டரிலேயே தொலைந்ததா, அல்லது இந்த ஆள் கைக்குப் போனதா, இன்றுவரை தெரியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். அதே கட்டடத்துக்கு மின் இணைப்பு வாங்கியபோது இப்படி அலையவில்லை. அதற்குக் கெடு என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் 2020 மின் நுகர்வோர் உரிமை விதிகளில் நகராட்சிப் பகுதிகளுக்கு 15 நாள் என்றிருந்தது, 2024-ல் அதை 7 நாளாகக் குறைத்தார்கள். புதிதாக லைன் இழுக்க வேண்டியிருந்தால் கணக்கு வேறு, அது அங்கேயும் அப்படித்தான். ஆனால் எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதாவது தெரியும். தண்ணீரில் எனக்கு அது தெரியாமல் போனதுதான் அந்த ஆளுக்கு முதலீடு.

சரி, நேர்வழியில் என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் பூமெத்தை இல்லை. மறுபடி விண்ணப்பித்தேன், இந்த முறை ஒப்புகை வாங்கிக்கொண்டு. செப்டம்பரில் எங்கள் பகுதி சபை கூடியது, அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடித் தேவைகளைச் சொல்லும் கூட்டம். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் பம்மலில் ஒரு பகுதி சபையில் கலந்துகொண்டது செய்தியில் வந்தது, அத்தோடு எல்லோரும் மறந்துவிட்டோம். எங்கள் சபைக்கு வந்தவர்களை எண்ணினேன், பதினோரு பேர். தகவல் உரிமைப் பதிலின் நகலை நீட்டி, லைன் நீட்டிப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தெருவில் ஒன்பது வீட்டுக்காரர்களின் கையெழுத்தும் இருந்தது. ஒரு டேப்புக்காக என்று கேட்டால் கேட்கிற காது வேறு, ஒரு தெருவுக்காக என்று கேட்டால் வேறு.

ஏ.இ. வந்து அளந்தார், மதிப்பீடு போனது. நவம்பர் மண்டலக் கூட்டத்தில் எங்கள் பொருள் வந்தது. ஆனால் வேறு ஏதோ குப்பை விவகாரத்தில் பாதிப் பேர் வெளிநடப்பு செய்ய, எல்லாமே ஒத்திவைப்பு. டிசம்பரில் நிறைவேறியது. நிறைவேறியதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடிதம் இல்லை, குறுஞ்செய்தி இல்லை. 2025 மார்ச்சில் ஒரு நாள் காலை ஜேசிபி வந்து மெஸ் வாசலைத் தோண்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று மதியச் சாப்பாட்டு வியாபாரம் மண்ணோடு போயிற்று. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அன்று பார்சல் மட்டும் என்று போர்டு வைத்திருப்பேன். மே மாதம்தான் தண்ணீர் வந்தது.

‘வீடு என்று போட்டுக்கொள்ளலாம்’ என்ற யோசனை அந்த ஏ.இ. வந்த அன்றே செத்துப்போனது. வாசலில் மெஸ் போர்டு தொங்குகிறது. அதைவிட, கீழ்த்தளத்துக்கு நாங்கள் கட்டும் சொத்து வரியே வணிகப் பயன்பாட்டுக்கான விகிதம். விண்ணப்பத்தோடு அந்த ரசீதைத்தான் இணைக்கிறோம்! பிறகு கண்டுபிடித்து இணைப்பைத் துண்டித்திருந்தால் டெபாசிட்டும் போயிருக்கும், மெஸ்ஸும் மறுபடி லாரித் தண்ணீருக்குப் போயிருக்கும். கடைக்கு உரிய டெபாசிட்டையே கட்டினேன், கவுண்டரில் கம்ப்யூட்டர் ரசீது. அந்த ரசீதையும் பழைய மஞ்சள் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. உண்மையான ரசீதில் ரசீது எண் இருக்கிறது, வரி மதிப்பீட்டு எண் இருக்கிறது, எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று பிரித்திருக்கிறது. மஞ்சள் தாளில் ‘டேப் வகைக்கு’ என்று மட்டும்.

போலீஸுக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் விலக்கு. நான் கொடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ‘கமிட்டிக்கு’ என்று தெரிந்தே 10,000 கொடுத்தவள் நான். அந்தப் பணம் எந்தக் கமிட்டிக்கும் போகவில்லை, அவர் பையிலேயே இருந்தது என்பது வேறு கதை. மோசடிப் புகார் தரலாம் என்று வக்கீல் சொன்னார், ஆனால் அந்த 10,000-ஐப் பற்றிக் கேள்வி வரும் என்றும் சொன்னார். நான் பின்வாங்கிவிட்டேன். ஆகவே யாராவது இப்படிக் கேட்டு, பயத்தில் கொடுத்தும்விட்டால், அந்த ஏழு நாளை நழுவ விடாதீர்கள்.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது ‘எவ்வளவு ஆகும்’ என்று இல்லை, ‘எங்கள் தெருவில் மெயின் லைன் எதுவரை இருக்கிறது’ என்பதுதான். வீட்டு வாசல்வரை இருந்தால் உங்களுக்குக் கமிட்டியோடு வேலையே இல்லை. இல்லையென்றால் தெருவாகச் சேர்ந்து போங்கள், நிகழ்ச்சி நிரலில் உங்கள் தெருப் பெயரை உங்கள் கண்ணால் படியுங்கள். வட்டம் போட்ட படத்தை நம்பாதீர்கள்.

அந்த ஆள் 28,000-ல் 8,000-ஐ மட்டும் நான்கு தவணையாகத் திருப்பிக் கொடுத்தார். போன வாரமும் மெஸ்ஸுக்கு வந்தார். சாப்பிட்டுக் காசைச் சரியாக எண்ணிக் கொடுத்துவிட்டு, “மீதிய ஐப்பசிக்குள்ள தந்தர்றேனுங்க்கா” என்றார். எந்த வருட ஐப்பசி என்று நான் கேட்கவில்லை. கை கழுவும்போது மட்டும் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார். “தண்ணி நல்லா வருதாட்டம் இருக்குதுங்க்கா” என்றார்.