“விஆர் ரெடி” ஸ்டிக்கரை நம்பி லேப்டாப் வாங்காதீர்கள்

“8 ஜிபி கிராபிக்ஸ், விஆர் தாராளமா ஓடும்” என்று சொல்லிக் கடையில் லேப்டாப்பை விற்றுவிடுகிறார்கள். விஆர் என்பது வர்ச்சுவல் ரியாலிட்டி, கண்ணை மூடி மாட்டும் ஹெட்செட்டில் பார்க்கும் மெய்நிகர் உலகம். ஹெட்செட்டை மாட்டித் தலையைத் திருப்பினால் படம் ஒரு கணம் தாமதித்து இழுத்துக்கொண்டு வருகிறது. பத்து நிமிடத்தில் குமட்டல். போய்க் கேட்டால், “ஹெட்செட்லதான் கோளாறு” என்கிறார்கள்.

அந்த 8 ஜிபியை முதலில் சோதியுங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்). “டெடிகேட்டட்” என்று இருப்பதுதான் கார்டின் சொந்த மெமரி. “ஷேர்ட்” என்பது விண்டோஸ் உங்கள் ரேமிலிருந்து ஒதுக்கிக் காட்டுவது. 16 ஜிபி ரேம் போட்ட சாதாரண ஆபீஸ் லேப்டாப்பிலும் அங்கே 8 ஜிபி வரும். அதைக் கிராபிக்ஸ் மெமரி என்று விற்பது பச்சை ஏமாற்று.

ஸ்டிக்கர் உண்மையாகவே இருந்தாலும் எந்த ஹெட்செட்டுக்கு என்று கேளுங்கள். 2016இல் வந்த ஓக்குலஸ் ரிஃப்ட் ஹெட்செட்டுக்கு ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்டு போதும் என்றார்கள். அதன் திரை இரு கண்ணுக்கும் சேர்த்தே 2160×1200. பின்னால் வந்த குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு மட்டும் 2064×2208. மொத்தத்தில் மூன்றரை மடங்கு பிக்சல். 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 ஃபிரேம் (படம்) காட்டும்போது, ஒரு ஃபிரேமை வரையக் கிடைப்பது 11.1 மில்லிசெகண்ட்தான். மானிட்டரில் ஃபிரேம் தவறினால் ஆட்டம் கொஞ்சம் திக்கும், இங்கே தலை சுற்றும்.

பெயரிலும் ஏமாறுகிறோம். லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் சிப், தயாரிப்பாளர் வைக்கும் மின்சக்தி அளவைப் பொறுத்து 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். வாட் குறைந்தால் வேகமும் குறையும். டெஸ்க்டாப் 4070இல் மெமரி 12 ஜிபி, லேப்டாப் 4070இல் 8. வாட் அளவை என்விடியா கன்ட்ரோல் பேனலின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பார்க்கலாம். அதே பேனலில் பிஸ்எக்ஸ் (PhysX) பக்கத்தைத் திறந்தால் எந்த போர்ட் எந்தச் சிப்போடு சேர்ந்திருக்கிறது என்று படமாகவே தெரியும். ஹெச்டிஎம்ஐ, ப்ராசசரின் உள்ளமை கிராபிக்ஸில் சேர்ந்திருந்தால் ஹெச்டிஎம்ஐ வழி இயங்கும் ஹெட்செட் அதில் வேலை செய்யாமலே போகலாம். யுஎஸ்பி கேபிளில் குவெஸ்ட் இணைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பழைய டெஸ்க்டாப்புக்கு மலிவாக “ஜிடிஎக்ஸ் 1050 டிஐ” கார்டு கிடைத்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தத் தலைமுறைச் சிப்பில் விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் வெளியீடே கிடையாது. பழைய கார்டில் பயாஸை (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றிப் பெயரை மட்டும் ஏற்றியிருப்பார்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டினால் பெயருக்கு முன்னால் “ஃபேக்” என்று காட்டிவிடும்.

பணம் கொடுக்குமுன் சார்ஜரை மாட்டி, கனமான கேம் ஒன்றை 20 நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லா லேப்டாப்பும் நன்றாகத்தான் ஓடும். சூடேறிய பிறகுதான் வேகம் இறங்கும். கார்டின் முழுப்பெயர், டெடிகேட்டட் மெமரி, வாட் மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம்.