காந்தப் பலகையில் ஒரு தாக்குதல் வியூகம்

செந்தூலில் பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களுக்கு வார இறுதிகளில் காற்பந்துப் பயிற்சி அளித்து வருகிறேன். வியூகத்தை விளக்கத் தண்ணீர்ப் போத்தல்களைத் திடலில் அடுக்கிக் காட்டிக்கொண்டிருந்த நான், மூன்று மாதங்களுக்கு முன்பு கோலாலம்பூரில் உள்ள ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் 65 ரிங்கிட் கொடுத்து ஒரு காந்தப் பலகை வாங்கினேன். புத்தகம்போல் மடித்து, ஜிப்பை இழுத்து மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். உள்ளே எண்ணிட்ட சிவப்பு, நீல வில்லைகளும், பந்துக்கென ஒரு சிறிய மஞ்சள் வில்லையும், எழுதி அழிக்கும் பேனாவும் இருக்கின்றன.

ஒரு தாக்குதல் வியூகத்தை அதன் ஓட்டத்தோடு காட்ட முடிகிறதா என்பதே நான் வைத்த சோதனை. அதற்கு நம் மலேசியத் தேசியக் குழுவையே எடுத்துக்கொண்டேன். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில், ஜோர்டானிடம் 0-4 எனவும் பஹ்ரேனிடம் 0-1 எனவும் தோற்றபின், கிம் பான் கோன் பயிற்றுவித்த ஹரிமாவ் மலாயா (நம் குழுவின் செல்லப்பெயர்) தென்கொரியாவுடன் 3-3 எனச் சமநிலை கண்ட இரவை எங்கள் பையன்கள் இன்னும் பேசுகிறார்கள். பின்னால் மூவர், நடுவில் நால்வர், முன்னால் மூவர் எனச் சிவப்பு வில்லைகளை அடுக்கினேன். நடுவரிசையின் இரு ஓரத்து வில்லைகளையும் விரலால் மேலே தள்ளியதும் முன்வரிசை ஐவராகப் பெருக, கீழே இரண்டு மூலைகளும் வெறிச்சோடிப் போயின.

“சார், இவங்க ரெண்டு பேரும் மேல போயிட்டா பின்னால யாரு பார்க்குறது?” என்று எங்கள் வலப்பக்கத் தற்காப்பாளன் கேட்டான். நான் ஓராண்டாக வாயால் சொல்லியும் எழாத கேள்வி அது! ஓரத்து இருவரும் ஓடித் திரும்பி ஐவர் தற்காப்பாக வேண்டும். இல்லையேல் பந்தைப் பறிகொடுத்த இடத்திலேயே முன்வரிசை எதிரணியை நெருக்க வேண்டும். அந்தக் கொரிய ஆட்டத்தின் 51ஆவது நிமிடத்தில் நம் ஃபைசால் ஹலிம் அடித்த கோல் அப்படி நெருக்கியதால் கிடைத்தது. கொரியாவின் கோல் பகுதிக்கு அருகிலேயே பந்தைப் பறித்ததால், நம்மவர்கள் கடக்கவேண்டிய தூரம் மிகவும் குறைந்துவிட்டது. மஞ்சள் வில்லையை அங்கே வைத்தவுடன் பையன்களுக்கு அது விளங்கிவிட்டது.

மறுவாரம் 1970 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பிரேசில் இத்தாலிக்கு எதிராக அடித்த நான்காவது கோலை வரைந்தோம். வலச் சிறகில் ஆடவேண்டிய ஜைர்சின்ஹோ இடப்பக்கம் நகர, அவரைக் கண்காணித்து நின்ற இத்தாலியத் தற்காப்பாளர் ஃபக்கெட்டியும் பின்தொடர்ந்து போனார். காலியான அந்த வலப்பக்கத்தில்தான், பெலே உருட்டிவிட்ட பந்தை நோக்கிப் பின்னாலிருந்து ஓடிவந்த கார்லோஸ் அல்பெர்ட்டோ 86ஆவது நிமிடத்தில் கோலடித்தார். பேனாவால் நான் போட்ட அம்புக்குறிகளைவிட, நீல வில்லை ஒன்று சிவப்பு வில்லையின் பின்னாலேயே நகர்ந்து தன் இடத்தைக் காலி செய்ததைக் கண்ணால் பார்த்ததுதான் அவர்களுக்கு உறைத்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வெயிலில் காய்ந்த மை எளிதில் அழிவதில்லை, ஈரத்துணி தேவைப்படுகிறது. அதைவிடப் பெரிய குறை, மடிப்பு சரியாக நடுக்கோட்டில் விழுவது. நடுவரிசையின் இரு மைய ஆட்டக்காரர்களும் அந்தப் பள்ளத்தின் மேல்தான் நிற்க வேண்டியிருக்கிறது. பலகையை நிமிர்த்திப் பிடித்தால் அவர்கள் இருவர் மட்டும் கழன்று விழுகிறார்கள். தாக்குதலையும் தற்காப்பையும் இணைப்பவர்களே அவர்கள் என்பதால், விளக்கத்தின் நடுவே அவர்களைப் புல்லில் தேடுவது உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. மாற்றித் தரும்படி கேட்டபோது, எல்லாப் பலகைகளும் அப்படித்தான் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

பத்துப் பேருக்குள் இருக்கும் குழுவுக்கு இது தாராளமாகப் போதும். அதற்கு மேல் போனால் பின்வரிசையில் நிற்பவர்களுக்கு எண்கள் தெரியாது. இப்போதெல்லாம் பலகையைத் தரையில் படுக்கவைத்துப் பையன்களைச் சுற்றி உட்காரச் சொல்கிறேன். வில்லைகளை அவர்களே நகர்த்துகிறார்கள்.