நம்பர் மாறிய ரிவால்வரா, நம்பரே இல்லாத ரிவால்வரா?

கொங்குப் பக்கத்துப் பழைய தோட்டத்து வீடுகளிலும் வால்பாறை எஸ்டேட் பங்களாக்களிலும் அப்பாரு காலத்து ரிவால்வர் பீரோவில் இருப்பதுண்டு. பேரன் பெயருக்கு உரிமம் மாற்றப் போகும்போதுதான் சிக்கல் தெரியும். துப்பாக்கிக்கு அடையாளமாகத் தொழிற்சாலையில் அடிக்கும் நம்பர், தோட்டா போடும் சிலிண்டரில் ஒன்று, உடம்பான பிரேமில் இன்னொன்று. சிலதில் நம்பரே இருக்காது. இரண்டில் எது தேவலை என்று கேட்டால், நான் நம்பர் மாறியதன் பக்கம்தான்.

முதலில், நம்பர் நிஜமாகவே மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸனின் பழைய ரிவால்வரில் சிலிண்டரை வெளியே சாய்த்தால், அதைத் தாங்கும் கையிலும் எதிரே பிரேமிலும் ஒரு நம்பர் தெரியும். அது தொழிற்சாலையில் பாகங்களைச் சோடி சேர்க்கப் போட்ட குறி. உண்மையான நம்பர் பிடியின் அடியில் இருக்கும். அதே நம்பர் சிலிண்டரின் பின்முகத்திலும், குண்டு வெளியேறும் குழலான பேரலின் அடியிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ராணுவத் துப்பாக்கிகளின் கதை வேறு. அமெரிக்க ராணுவம் 1895 முதல் தன் பழைய கோல்ட் கம்பெனி ரிவால்வர்களின் ஏழரை அங்குலப் பேரலை ஐந்தரையாக வெட்டியது. கழற்றிய பாகங்களை அதனதன் துப்பாக்கியில் திரும்ப மாட்ட யாரும் மெனக்கெடவில்லை. ஆகவே அந்த வகையில் நம்பர் கலந்து கிடப்பதே இயல்பு. எல்லாம் ஒத்துப்போனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சந்தேகத்தோடு இன்னொரு தடவை உற்றுப் பார்ப்பார்கள். தனியார் வைத்திருந்த துப்பாக்கியில் சிலிண்டர் மட்டும் மாறியிருந்தால் விலை இறங்கும். அதைவிட முக்கியம், சிலிண்டரில் தோட்டா இருக்கும் அறையும் பேரலும் நேர்கோட்டில் நிற்காமல் போகலாம். தெரிந்தவர் சோதிக்காமல் சுடக் கூடாது.

நம்பர் இல்லாததிலும் இரண்டு வகை. ஒன்று, பிறக்கும்போதே இல்லாதது. பிரிட்டிஷ் கம்பெனி வெப்லி 1872-ல் கொண்டுவந்த புல்டாக் மாடலைப் பார்த்து பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பட்டறைகள் மலிவான நகல்களை ஏராளமாகச் செய்தன. பலவற்றில் பட்டறைக் குறியாக ஓரிரு இலக்கம் மட்டுமே இருக்கும். முட்டை வடிவ வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற சோதனை முத்திரை இருந்தால் ஊர் லியேஜ். மேலே கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிந்தியது.

இன்னொன்று, ராவி எடுத்தது. ஜன்னலோரம் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்தால், நம்பர் இருக்க வேண்டிய இடம் லேசாகக் குழிந்திருக்கும். சுற்றிலும் உள்ள கருநீலப் பூச்சுக்கும் அந்த இடத்துக்கும் நிறம் ஒட்டாது. மேலே மறைந்தாலும் நம்பர் அடித்த பஞ்ச் உளியின் அழுத்தம் இரும்புக்குள் இறங்கியிருக்கும். தடயவியல் ஆய்வகத்தில் அதை மீட்டெடுக்க வாய்ப்புண்டு.

1898 வரை செய்த துப்பாக்கி அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருள். அங்கே எழுதுவதைப் படித்துவிட்டு இங்கே துணியாதீர்கள். நம் 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ம் பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான் விலக்குத் தருகிறது. வயது மட்டும் போதாது. 8-ம் பிரிவு இன்னும் கறார். அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ கூடாது. கையில் வைத்திருப்பவரே குறியை அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. தாத்தா ராவியதற்குப் பேரன் பதில் சொல்ல வேண்டிவரும்.

கோயமுத்தூரில் பஞ்ச் செட் இல்லாத லேத் பட்டறை கிடையாது. "ஒரு நம்பர் அடிச்சுக் குடுத்தர்றனுங்க" என்று யாராவது உதவியாகச் சொன்னாலும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். நம்பரைப் போலியாக அடிப்பதும் அதே பிரிவில் குற்றம்.

நம்பர் மாறியதற்கு வழி இருக்கிறது. பிரேம் நம்பர் உரிமப் புத்தகத்தோடு ஒத்துப்போனால், சிலிண்டர் வேறு என்பதை மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். நம்பரே இல்லாதது கிடைத்தால், தொடுவதற்கு முன் வக்கீலிடம் பேசுங்கள். அவர் சொல்கிறபடி காவல் நிலையத்துக்குத் தகவல் போகட்டும்.